கூலி காட்: ஓய்வு தேடி மலையேறியவர்களின் பாதை

எங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சந்திப்புகளில் பெரும்பாலும் புத்தகங்களே பேசப்படும். சென்ற மாதம் மட்டும் பேச்சு விடுமுறையின் பக்கம் திரும்பிவிட்டது. பிரான்சில் வசிக்கும் நண்பர் ஒருவர், மத்தியதரைக் கடலோரத்து நீஸ் நகரில் பத்து நாட்களுக்கு ஒரு வீட்டை வாடகைக்கு எடுக்கப்போவதாகவும், எங்களில் எத்தனை பேர் வந்தாலும் இடமுண்டு என்றும் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். ஒருவர் காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டார். விமானக் கட்டணம் என்ற முதல் வரியைத் தாண்டி அந்தக் கணக்கு நகரவில்லை. அதுவரை பேசாமல் இருந்த பெரியகுளத்து நண்பர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "நீஸுக்கு எதுக்குய்யா? வெள்ளைக்காரனே ஓய்வெடுக்கணும்னா எங்க ஊர் வழியாத்தான் ஏறிப் போனான்."

வேடிக்கையாகச் சொன்ன பேச்சுத்தான். ஆயினும் அதைப் பிடித்துக்கொண்டு சில வாரங்கள் படித்தபோது, நீஸ் கடற்கரைக்கும் பெரியகுளத்து மலையடிவாரத்திற்கும் நாங்கள் எதிர்பாராத ஓர் உறவு தென்பட்டது. அதையே இங்கு வாசகர்களுடன் பகிர்ந்துகொள்கிறோம்.

இன்று கொடைக்கானல் செல்பவர்கள் வத்தலக்குண்டைத் தாண்டி, காட்ரோடு என்னும் இடத்தில் வலப்பக்கம் திரும்பி மலையேறுகிறார்கள். பெரியகுளம் அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. ஒரு நூற்றாண்டுக்கு முன்பு நிலைமை வேறு. பெரியகுளத்திற்கு வடக்கே, கும்பக்கரை அருவிக்கு அருகிலுள்ள மலையடிவாரத்தில் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பு என்றோர் இடம் உண்டு. கொடைக்கானலுக்கான தலைவாசல் அதுதான். கப்பலில் வந்திறங்கிய அமெரிக்கப் பாதிரியாரும், மதுரைக் கலெக்டரும், அவர்களுடைய மனைவி மக்களும், சமையற்காரரும், ஆயாவும் அந்தத் தோப்பில் வந்து நின்றுதான் மலையை அண்ணாந்து பார்த்தார்கள்.

அவர்கள் அண்ணாந்து பார்த்த மலை ஆளற்ற மலையன்று. பளியர், புலையர், குன்னுவர் ஆகியோர் பழனிமலைத் தொடரில் காலங்காலமாக வாழ்ந்தவர்கள். 1821ஆம் ஆண்டு மே மாதம் நில அளவைக்காக வந்த லெப்டினன்ட் வார்டு, வெள்ளகவி என்னும் குன்னுவர் ஊரில் தங்கி, அங்கிருந்துதான் மேலே ஏறினார். வரலாற்று நூல்கள் அவரைக் கொடைக்கானலைப் பார்த்த முதல் ஐரோப்பியர் என்ற அளவில் குறிக்கின்றன. அவர் ஏறிய பாதையை முன்பே தேய்த்து வைத்திருந்த கால்களைப் பற்றி அந்நூல்களில் அதிகம் இல்லை. 1834இல் மதுரையின் துணைக் கலெக்டர் ராட்டன், வருவாய் வாரியத்தைச் சேர்ந்த காட்டன் ஆகிய இருவரும் தேவதானப்பட்டியிலிருந்து அடுக்கம் கணவாய் வழியாக ஏறிச் செண்பகனூருக்கு அருகே ஒரு சிறு வீடு கட்டினர். இரண்டாண்டுகள் கழித்துத் தாவரவியலாளர் ராபர்ட் வைட் வந்தார். ஆனால் இவர்களில் எவரும் ஓய்வெடுக்க வந்தவர்கள் அல்லர். அளக்க வந்தவர்கள், ஆள வந்தவர்கள், செடிகளைச் சேகரிக்க வந்தவர்கள்.

ஓய்வு வேறொரு வாசல் வழியாக வந்தது. அந்த வாசலின் பெயர் மரணம்.

1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்து ஊழியம் தொடங்கிய அமெரிக்க மிஷனரிமார்கள் முதல் பத்தாண்டுகளிலேயே தம்மவர் பலரைப் பறிகொடுத்தனர். காலராவும் காய்ச்சலும் வெயிலும் பெரியவர்களையும் குழந்தைகளையும் பாகுபாடின்றிக் கொண்டுபோயின. மருத்துவம் கைகொடுக்காத காலம் அது. கொசுவுக்கும் மலேரியாவுக்கும் உள்ள தொடர்பை ரொனால்டு ராஸ் கண்டுபிடிக்க இன்னும் அரை நூற்றாண்டு இருந்தது. நோய்க்குக் காரணம் கெட்ட காற்று, அதற்கு மருந்து நல்ல காற்று என்பதே அன்றைய மருத்துவர்களின் முடிவு. எனவே அவர்கள் முதலில் திண்டுக்கல்லுக்கு அருகிலுள்ள சிறுமலையில் தங்கிப் பார்த்தனர். சிறுமலையின் உயரம் போதவில்லை; காய்ச்சல் அவர்களுக்கு முன்பே அங்கு குடியேறியிருந்தது. அதன் பின்னர்தான் ஏறத்தாழ 7000 அடி உயரமுள்ள பழனிமலையின் உச்சிப் பரப்பை நாடினர். 1845இல் அங்கு இரண்டு வீடுகள் எழுந்தன. ஒன்றின் பெயர் சன்னிசைடு, மற்றொன்று ஷெல்டன். கொடைக்கானல் என்னும் கோடைவாசத்தலத்தின் தொடக்கம் அவ்விரண்டு வீடுகளே.

விடுமுறை என்றவுடன் நம் மனத்தில் கேளிக்கை தோன்றுகிறது. அவர்கள் அதைக் கேளிக்கையாகத் திட்டமிடவில்லை. பிள்ளைகள் அடுத்த கோடையைப் பார்க்க வேண்டுமே என்று திட்டமிட்டார்கள். இதை நினைவில் வைக்காமல் பின்னால் வருவனவற்றைக் குறைசொல்லிவிடுவது எளிது. நாங்களும் முதலில் அப்படித்தான் செய்தோம்.

இங்கேதான் நீஸ் நினைவுக்கு வருகிறது. அந்நகரமும் நோயாளிகளால் உண்டான விடுமுறைத்தலம்தான். ஸ்காட்லாந்து நாவலாசிரியர் டோபியாஸ் ஸ்மாலெட் நெஞ்சு நோயுடன் 1763இல் அங்கு போய்த் தங்கினார். உடல்நலத்திற்காக அவர் கடலில் இறங்கிக் குளித்ததை உள்ளூரார் விநோதமாகப் பார்த்தனராம். கடல் மீன் பிடிப்பதற்கல்லவா, குளிப்பதற்கா? பின்னர் குளிர்காலந்தோறும் ஆங்கிலேயர்கள் திரளாக வந்தனர். 1860இல் பிரான்சுடன் இணையும் வரை நீஸ் சார்டினிய அரசுக்கு உட்பட்டிருந்தது. 1859இல் பக்கத்து ஊரான மென்டனுக்கு ஜேம்ஸ் ஹென்றி பென்னெட் என்ற மருத்துவர் சாவதற்கென்றே போய்ச் சேர்ந்து, சாகாமல் தேறி, அந்தக் காற்றின் பெருமையைப் புத்தகமாக எழுதிக் கூட்டம் சேர்த்தார். பருவம் மட்டும்தான் வேறுபாடு. அவர்கள் குளிருக்கு அஞ்சிக் கடலுக்குப் போனார்கள். இங்கிருந்தவர்கள் வெயிலுக்கு அஞ்சி மலைக்குப் போனார்கள். மத்தியதரைக் கடற்கரையில் கோடையிலும் தங்கலாம் என்ற எண்ணமே 1920களில்தான் வேரூன்றியது. 1923இல் ஜெரால்டு மர்பி, சாரா மர்பி என்ற அமெரிக்கத் தம்பதியினர் கேட்டுக்கொண்டதால் ஆன்டிப் நகரின் பெரிய ஓட்டல் ஒன்று முதன்முறையாகக் கோடையில் திறந்து வைக்கப்பட்டது. ஃபிட்ஸ்ஜெரால்டின் வாசகர்களுக்கு இத்தம்பதியினர் புதியவர்கள் அல்லர்.

நீஸில் இன்றும் சுற்றுலாப் பயணிகள் மாலையில் உலவும் கடலோரப் பாதைக்கு 'ஆங்கிலேயர் நடைபாதை' என்று பெயர். அதன் கதையைப் படித்தபோதுதான் பெரியகுளத்து நண்பரின் வேடிக்கைப் பேச்சு வேடிக்கையாகத் தோன்றாமல் போயிற்று. 1820களின் தொடக்கத்தில் கடும் பனியினால் ஆரஞ்சு விளைச்சல் அழிந்து, வேலையிழந்த ஏழைகள் நகரில் பிச்சையெடுக்கத் திரண்டனர். லூயிஸ் வே என்ற ஆங்கிலப் பாதிரியார் தம் இனத்தாரிடம் நன்கொடை திரட்டி, அந்த ஏழைகளைக் கொண்டு கடலோரமாக ஒரு பாதை போடச் செய்தார். பசித்தவர்களுக்குக் கூலி கிடைத்தது, குளிர்காலத்தைக் கழிக்க வந்தவர்களுக்கு உலாவ இடம் கிடைத்தது. பாதைக்கு உலாவியவர்களின் பெயர் வைக்கப்பட்டது.

நம் பாதைக்கு வைக்கப்பட்ட பெயர் இதற்கு நேர்மாறானது. கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பிலிருந்து செண்பகனூர் வழியாகக் கொடைக்கானல் ஏறிய ஏறத்தாழ பன்னிரண்டு மைல் மலைப்பாதையை ஆங்கிலேயர்களே 'கூலி காட்' என்று அழைத்தனர். காட் என்றால் மலைவழி. சுமந்தவர்களின் பெயர் பாதையில் நிலைத்துவிட்டது. ஆனால் அது பெயரன்று, தொழிலின் கூலி. அவர்களில் ஒருவருடைய பெயரும் எங்கள் கண்ணில் படவில்லை.

அந்நாளைய விடுமுறைத் திட்டத்தைச் சற்றே கற்பனை செய்து பார்க்கலாம். 1875இல் திருச்சி - மதுரை ரயில் பாதை வந்த பின்னர் அம்மையநாயக்கனூர் நிலையத்தில் இறங்கினர். இப்போது அந்நிலையத்திற்குக் கொடைக்கானல் ரோடு என்று பெயர். அங்கிருந்து முப்பது மைலுக்கு மேல் மாட்டு வண்டி. வெயிலுக்கு அஞ்சி இரவில் பயணம். வண்டிக்குள் வைக்கோல் பரப்பி மெத்தை, மாடு மாற்ற வழியில் நிறுத்தங்கள், வத்தலக்குண்டு, தேவதானப்பட்டி, பெரியகுளம், விடியும் வேளையில் தோப்பு. அதற்குப் பிறகு சக்கரம் ஏறாது. ஆண்கள் குதிரையிலோ நடந்தோ ஏறினார்கள். பெண்களும் குழந்தைகளும் நோயாளிகளும் மூங்கில் கட்டிய நாற்காலியிலும் டோலியிலும் தோளேறினர். இரண்டு மாத வாசத்திற்கான பெட்டிகளும் படுக்கைகளும் பாத்திரங்களும் தலையேறின. ஓர் ஆளைத் தூக்க நால்வர் போதாது; முறை மாற்ற இன்னும் நால்வராவது உடன் நடக்க வேண்டும். ஒரு குடும்பம் மேலே போய்ச் சேர ஒரு சிற்றூரே சுமந்தாக வேண்டியிருந்தது என்றால் அது மிகையாகாது.

மேலே போனவர்கள் குளிரில் போர்த்திக்கொண்டு உறங்கினார்கள். 1863இல் கலெக்டராயிருந்த வெரே ஹென்றி லெவிஞ்ச் ஓடையை மறித்து ஏரி அமைத்தார், படகுகள் வந்தன. சுமந்து வந்தவர்கள் அன்றே இறங்கினார்கள். சமவெளியின் காலராவும் காய்ச்சலும் அவர்களுக்காகவும் காத்திருந்தன. ஆனால் அவர்களுக்கு மருந்தாக மலைக்காற்றை எந்த மருத்துவரும் எழுதிக் கொடுக்கவில்லை. காற்று மேலே இருந்தது, கூலி கீழே இருந்தது.

இதை எழுதியவுடன் எங்களுக்கே ஓர் ஐயம் எழுந்தது. அந்தக் கூலி இல்லாமல் போனால்? போகத்தான் செய்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தொடங்கி, இடையில் நின்று, மறுபடி தொடர்ந்த லாஸ் காட் எனும் வண்டிச்சாலை 1914இல் முடிந்தது. 1916 முதல் அதில் மோட்டார் ஓடியது. அத்துடன் தோப்பின் காலம் முடிந்தது. வண்டிக்காரருக்கும் டோலிக்காரருக்கும் விடுமுறை கிடைத்தது என்று சொல்லலாம், யாரும் கேட்காத விடுமுறை. சுமை நீங்கியதை அவர்கள் கொண்டாடினார்களா, கூலி போனதே என்று அழுதார்களா? சாலை போட்ட பொறியாளரின் பெயர் சாலையில் இருக்கிறது. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடியவர்கள் எதையும் எழுதி வைக்கும் நிலையில் இருக்கவில்லை.

அப்படியானால் கீழே இருந்தவர்களுக்கு ஓய்வே கிடையாதா என்று கேட்டால், உண்டு. அதைப் பார்க்கப் பெரியகுளத்தை விட்டுத் தென்மேற்கே, கம்பம் பள்ளத்தாக்குக்குள் போக வேண்டும்.

மிஷனரிகள் மலையேறிய அதே சித்திரை வெயிலில்தான் முல்லையாற்றங்கரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா நடக்கிறது. எட்டு நாட்கள். ராட்டினமும் கடைகளும் தீச்சட்டியும் கூட்டமுமாக, ஊரே இரவெல்லாம் விழித்திருக்கும். அதே சித்திரையின் முழுநிலவு நாளில் கூடலூரை அடுத்த பளியன்குடியிலிருந்து குடும்பம் குடும்பமாக மலையேறி மங்கலதேவி கண்ணகி கோட்டத்திற்குப் போகிறார்கள். ஆண்டில் அந்த ஒருநாள் மட்டுமே கோயிலுக்கு அனுமதி. குமுளிப் பக்கமிருந்து ஜீப் உண்டு, இப்பக்கமிருந்து கால்தான். 1963இல் பேராசிரியர் சி. கோவிந்தராசனார் அதைச் சிலம்பின் கண்ணகி கோட்டமென அடையாளம் கண்டு அறிவித்ததை நம் வாசகர்கள் அறிவார்கள். ஆடி, தை அமாவாசைகளில் சுருளி அருவி. மறைந்தவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டு, அப்படியே அருவியில் தலையைக் கொடுத்து, கட்டுச்சோற்றைப் பிரித்து உண்டுவிட்டு வருவார்கள். கடனும் களிப்பும் ஒரே பயணத்தில் முடிந்துவிடும். வெறுமனே ஓய்வெடுக்கப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டு வீட்டைப் பூட்டும் வழக்கம் இங்கு இருந்ததாகத் தெரியவில்லை. தெய்வத்தின் பேரைச் சொன்னால்தான் முதலாளியும் மாமியாரும் விடுவார்கள். (மாமியார் விஷயம் எங்கள் குழுவின் பெண் உறுப்பினர்கள் சேர்த்தது.)

ஊதியத்தோடு விடுப்பு என்பது மிகப் பிந்தி வந்த வரவு. பிரான்சிலேயே தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு வாரம் சம்பளத்துடன் விடுமுறை என்ற சட்டம் 1936இல்தான் வந்தது. சலுகைக் கட்டண ரயிலில் ஏறி, மத்தியதரைக் கடலை வாழ்வில் முதன்முறையாகப் பார்த்த பிரெஞ்சுத் தொழிலாளர்கள் அந்தக் கோடையில் ஏராளம். இந்தியாவில் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும் 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமும் இருபது நாள் உழைப்புக்கு ஒருநாள் ஊதிய விடுப்பு என்று வகுத்தன. மேகமலையின் ஹைவேவிஸ் தேயிலைத் தோட்டத்து நிரந்தரத் தொழிலாளிக்கு அது எட்டியது. கம்பம், கூடலூர், போடி ஊர்களிலிருந்து கருக்கலில் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய் இருட்டிய பின் திரும்பும் தினக்கூலிப் பெண்களுக்கு அது கணக்கில் வராது. பள்ளத்தாக்கில் 'மலைக்குப் போயிருக்கிறாள்' என்றால் வேலைக்குப் போயிருக்கிறாள் என்று பொருள். அதே சொற்களைச் சென்னையில் சொன்னால் பொருள் வேறு. ஒரே மலை, ஒரே வாக்கியம்.

அந்த ஜீப்புகள் போகும் வழியிலேயே இருக்கிறது தேக்கடி. பென்னிகுக் 1895இல் கட்டி முடித்த பெரியாறு அணை கம்பம் பள்ளத்தாக்கிற்கும் மதுரைச் சீமைக்கும் இருபோக நெல்லைத் தந்தது. அணைக்குப் பின்னால் தேங்கிய தண்ணீரில்தான் இன்று விடுமுறைக்கு வருபவர்கள் படகேறி யானை பார்க்கிறார்கள். கொடைக்கானல் ஏரி உல்லாசத்திற்காக வெட்டப்பட்டது. இது வயலுக்காகத் தேக்கப்பட்டது. காட்டுக் காய்ச்சலில் மாண்ட கூலிகளின் உடல்கள் அந்தக் காட்டிலேயே புதைந்தன. படகில் போகும்போது வழிகாட்டி அதையும் சொன்னால் நல்லது.

2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் நடந்ததை இங்கு குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. வார விடுமுறையில் சென்னை, ஈரோடு, திருப்பூர் பகுதிகளிலிருந்து கொழுக்குமலைக்கு நடைப்பயணம் வந்தவர்கள், பெரும்பாலும் இளைஞர்கள், பெண்கள் மிகுதி, காட்டுத்தீயில் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அலுவலக நெருக்கடியிலிருந்து இரண்டு நாள் மூச்சுவிட வந்தவர்கள் அவர்கள். செய்தி கேட்டு முதலில் மேலே ஓடியவர்களில் மலையடிவாரத்து ஊர்மக்கள் இருந்தனர். வெந்தவர்களைப் போர்வையில் கட்டித் தூக்கி, இருட்டில், சரிவில் இறக்கினார்கள். நூறாண்டுகளுக்கு முன் கூலி காட்டில் ஏற்றிய அதே முறைதான், இம்முறை கூலி பேசப்படவில்லை. அதன் பின்னர் மலை நடைப்பயணங்களுக்கு வனத்துறையின் முன் அனுமதியும் விதிமுறைகளும் கட்டாயமாயின.

எங்கள் திட்டத்துக்கு வருவோம். நீஸ் நண்பருக்கு வர இயலாது என்று பதில் எழுதிவிட்டோம். 2022இல் தேனிக்கும் 2023இல் போடிக்கும் அகலப்பாதை ரயில் திரும்பியிருப்பதால் பயணம் எளிதுதான். தேனியில் இறங்கி, பெரியகுளத்தில் ஓரிரவு தங்கி, வனத்துறை அனுமதி கிடைத்தால் கும்பக்கரைப் பக்கமிருந்து வெள்ளகவி வரை பழைய பாதையில் ஏறுவது என்று முடிவு. நெடுங்காலம் மோட்டார் சாலையே இல்லாதிருந்த வெள்ளகவிக்குள் செருப்பணிந்து நடப்பதில்லை என்பதால், பாதி வழி செருப்பும் சுமையில் சேரும்.

சுமை என்றவுடன் சர்ச்சை வந்தது. ஆளுக்கொரு பை, தண்ணீர், இரண்டு நாள் உணவு, எங்களில் இருவருக்கு முழங்கால் வலி. இவ்வளவும் படித்த பிறகு பை தூக்க ஆள் வைப்பது கூடாது என்று சிலர் உறுதியாக நின்றோம். பெரியகுளத்து நண்பர் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "நீங்க தூக்கிட்டுப் போனா உங்க மனசு நிறையும். அவன் வீட்டுல என்ன நிறையும்? நியாயமான கூலி என்னன்னு கேட்டுக் குடுங்க, பேரையும் கேட்டு எழுதி வைங்க."

அடுத்த ஞாயிறு இதைப் பற்றி மறுபடியும் பேசுவதாக இருக்கிறோம்.